"சாம்சங்" பெயர்ல சங்கம் வைக்கலாமா? ஒரு பெயருக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு

ஒரகடத்துல வேலை பார்க்கிற ஒரு தம்பி ரிட்டர்ன் போட என்கிட்ட வந்திருந்தார். கழுத்துல தொங்குற ஐடி கார்டு கயிறுல ஒரு பெரிய கம்பெனி பெயர். சட்டையிலயும் அதே பெயர். ஃபார்ம் 16-ஐத் திறந்தா, நான் கேள்வியே படாத ஒரு ஏஜென்சி பெயர். "சார், இவங்க யாரு?"ன்னு அவர் என்னைக் கேட்கிறார். நான் அவரைக் கேட்கலாம்னு இருந்தேன்!

அவர் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி, பெயரை வச்சு நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்த பெரிய சண்டையைப் பார்த்துடலாம்.

2024 செப்டம்பர் 9. சுங்குவார்சத்திரம் பக்கத்துல இருக்கிற சாம்சங் தொழிற்சாலையில வேலைநிறுத்தம் ஆரம்பிச்சுது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி செய்யுற ஆலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே பந்தல்ல உட்கார்ந்தாங்க. 37 நாள் நடந்தது. சம்பளக் கோரிக்கை இருந்தது, வேலை நேரம் இருந்தது. ஆனா மையமான கோரிக்கை சி.ஐ.டி.யூ ஆதரவோட அவங்க ஆரம்பிச்ச சங்கத்தை அங்கீகரிக்கணும் என்பதுதான். சங்கத்தோட பெயர் "சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்".

பதிவுக்கு விண்ணப்பிச்சப்போ கம்பெனி ஆட்சேபம் தெரிவிச்சுது. காரணங்கள்ல ஒண்ணு, "சாம்சங் என்பது எங்க வணிக முத்திரை, அதைச் சங்கத்தோட பெயர்ல சேர்க்கக் கூடாது".

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. சாம்சங்கிலேயே ஏற்கெனவே ஒரு "சங்" இருக்கு, "கம்" மட்டும்தானே பாக்கி! கொரிய மொழியில சாம்சங்னா மூன்று நட்சத்திரம்னு அர்த்தம். ஃபிரிட்ஜ் செய்யுற ஆலைக்கு த்ரீ ஸ்டார்னு பெயர். அஞ்சு ஸ்டார் மாடல் வாங்குறவங்க கவனிக்க.

சிரிப்பை விட்டுட்டு சட்டத்துக்கு வருவோம். வணிக முத்திரைச் சட்டம், 1999 எதைத் தடுக்குது? வியாபாரத்துல, ஒரு பொருளையோ சேவையையோ விற்கும்போது அடுத்தவர் முத்திரையைப் போட்டு வாங்குறவரைக் குழப்புறதை. நான் ரெண்டு ஃபிரிட்ஜ் செஞ்சு சாம்சங்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தா அது மீறல். சங்கம் ஃபிரிட்ஜா விற்குது? அது சந்தா வசூலிக்குது, கூட்டம் போடுது, பேச்சுவார்த்தைக்குப் போகுது. "நாங்க சாம்சங்ல வேலை பார்க்கிற தொழிலாளர்கள்"னு சொல்ல, சாம்சங்ங்கிற வார்த்தையைத் தவிர வேற என்ன வார்த்தை இருக்கு? "நெடுஞ்சாலை ஓரத்துல ஃபிரிட்ஜ் செய்யும் கொரிய நிறுவன ஊழியர் சங்கம்"னா வைக்க முடியும்? அப்போ நடைமுறையில இருந்த தொழிற்சங்கச் சட்டம், 1926-ம் பெயரைப் பத்திப் பேசுது. ஏற்கெனவே இருக்கிற இன்னொரு சங்கத்தோட பெயர் மாதிரியே இருந்தா பதிவாளர் மாத்தச் சொல்லலாம், அவ்வளவுதான். முதலாளியோட பிராண்டைப் பத்தி அதுல பேச்சே இல்லை. என் கணிப்புல இந்த ஆட்சேபம் கொஞ்சம் பலவீனமானதுதான். கம்பெனியோட சொந்த ஊரான தென் கொரியாவுலயே தேசிய சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் சங்கம்னு ஒண்ணு இருக்கு. இங்கே பந்தல் போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலையில, அதுவும் வேலைநிறுத்தம் செஞ்சது.

அக்டோபர் 15-ம் தேதி, அரசு நடத்தின பேச்சுவார்த்தைக்கு அப்புறம் போராட்டம் முடிஞ்சுது. பதிவு விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்தது. டிசம்பர்ல நீதிமன்றம் ஆறு வாரத்துக்குள்ள முடிவெடுக்கச் சொன்னது. 2025 ஜனவரி 27-ம் தேதி சங்கம் பதிவாச்சு. சாம்சங்ங்கிற பெயரோடயேதான்.

சரி, ஒரு பெயருக்காக கம்பெனி ஏன் இவ்வளவு மல்லுக்கட்டணும்? பெயர்ங்கிறது அவங்களுக்குச் சொத்து. வாடகை வர்ற சொத்து. இதுக்கு உதாரணம் அதே நெடுஞ்சாலையில, இருங்காட்டுக்கோட்டையில இருக்கு. சாம்சங் போராட்டம் முடிஞ்ச அதே அக்டோபர் 15-ல ஹூண்டாய் மோட்டார் இந்தியாவோட ஐ.பி.ஓ திறந்தது. 27,870 கோடி ரூபாய், அதுவரைக்கும் இந்தியாவுல வந்ததிலேயே பெரிசு. முழுக்க ஓ.எஃப்.எஸ், அதாவது வந்த பணம் கொரியத் தாய் நிறுவனத்துக்குப் போச்சு, இங்கே இருக்கிற ஆலைக்கு இல்லை. அந்த ஐ.பி.ஓ ஆவணத்தை நான் படிச்சப்போ பென்சில்ல கோடு போட்ட இடம் ஒண்ணு: தாய் நிறுவனத்துக்குக் கொடுக்கிற ராயல்டி விற்பனையில 3.5 சதவீதம். 10 லட்ச ரூபாய் விற்பனைக்கு 35,000 ரூபாய். லாபம் வந்தாலும் வராட்டியும் விற்பனை மேல போகும். பட்டியலிட்ட நிறுவனம் தன் விற்றுமுதல்ல 5 சதவீதத்துக்கு மேல இப்படி ராயல்டி கொடுக்கணும்னா பங்குதாரர்கள்கிட்ட ஒப்புதல் கேட்கணும்னு செபி விதி இருக்கு. பங்கு வாங்குறவங்க ஆண்டறிக்கையில "தொடர்புடைய தரப்பினர்" பகுதியைத் திறந்து பாருங்க. ரொம்ப பேர் அதை ஸ்க்ரோல் பண்ணித் தாண்டிடுறாங்க.

இன்னொரு குழப்பம், சி.எஸ்.ஆர். கேன்டீன்ல ஏசி போட்டதையும் ஊழியர் குழந்தைகளுக்கு மட்டும் ஸ்காலர்ஷிப் கொடுத்ததையும் "கம்பெனி சி.எஸ்.ஆர் பண்ணுது சார்"னு சொல்லுவாங்க. இல்லைங்க. கம்பெனிகள் சட்டம், 2013-ன் 135-வது பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டுல 500 கோடி நிகர மதிப்பு அல்லது 1,000 கோடி விற்றுமுதல் அல்லது 5 கோடி நிகர லாபம் இருந்தா, கடைசி மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். தன் ஊழியருக்கு மட்டும் பலன் தர்றது அந்தக் கணக்குல வராது. விளம்பரப் பலனுக்காகக் கொடுக்கிற ஸ்பான்சர்ஷிப்பும் வராது. ஆலை இருக்கிற ஊருக்கு முன்னுரிமை தரணும்னும் அந்தப் பிரிவு சொல்லுது. வல்லத்துல ஏரி தூர்வாரினா கணக்குல வரும், உங்க தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் வராது. உங்களுக்குச் சேர வேண்டியது சம்பளமாவும் போனஸாவும் ஒப்பந்தமாவும்தான் வரணும். அதை "சமூகப் பொறுப்பு"ன்னு யாராவது சொன்னா லேசா புருவத்தைத் தூக்குங்க.

இப்போ நம்ம தம்பிகிட்ட வருவோம். கயிறுல ஒரு பெயர், ஃபார்ம் 16-ல ஒரு பெயர். அவருக்கு மூணு வருஷத்துல ரெண்டு ஏஜென்சி மாறியிருக்கு. உட்கார்ற இடம் மாறலை, லைன் மாறலை, சூப்பர்வைசர்கூட மாறலை. ஆனா பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்தா ஒரே யு.ஏ.என் கீழ ரெண்டு மெம்பர் ஐடி, பழைய பணம் டிரான்ஸ்ஃபர் ஆகாம அங்கேயே தூங்குது. ரெண்டாவது ஏஜென்சி நாலு மாசம் பணமே கட்டலை. சம்பளத்துல மட்டும் சரியா பிடிச்சிருக்காங்க.

கிராஜுட்டிக்கும் இதே சிக்கல். நிரந்தர ஊழியருக்கு ஒரே முதலாளிகிட்ட 5 வருஷத் தொடர் சர்வீஸ் வேணும். குறிப்பிட்ட கால ஒப்பந்தம்னா, 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி ஒரு வருஷம் போதும். ஆனா எந்த முதலாளி? கேட்ல மாட்டின போர்டு இல்லை, அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல இருக்கிற பெயர். கான்ட்ராக்டர் பி.எஃப் கட்டலைன்னா ஆலை நடத்துற முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. அதனால தம்பியை ரெண்டு பக்கமும் எழுத்துல கேட்கச் சொல்லியிருக்கேன், ஏஜென்சிக்கு ஒரு மெயில், பெரிய கம்பெனியோட எச்.ஆருக்கு ஒரு மெயில். பே-ஸ்லிப்பையும் பாஸ்புக் பிரின்ட்டையும் இணைச்சு. பதில் வரலைன்னா பி.எஃப் குறைதீர்ப்பு தளத்துல புகார்.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சதும் மூணு பெயரை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வைங்க: அப்பாயின்ட்மென்ட் லெட்டர், ஃபார்ம் 16, பி.எஃப் பாஸ்புக். மூணும் ஒண்ணா இருந்தா நிம்மதியா தூங்குங்க. வேற வேறயா இருந்தா எனக்கு எழுதுங்க, பெயரை மறைச்சுட்டு அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா பார்க்கலாம். தம்பிக்கு எச்.ஆர்கிட்ட இருந்து என்ன பதில் வந்ததுன்னும் அதுலயே சொல்றேன்.