அம்மம்மாவின் போனுக்கும் பூட்டு வேண்டும்: குடும்பக் குறூப் பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

கொடிகாமத்தில் ஒரு வீட்டு மாமரம் பூத்தால் அந்தப் படம் அதே நிமிடத்தில் ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் போய்விடுகிறது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொலைபேசி இல்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க இதே ஊரவர்கள் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய், தொலைத்தொடர்பு நிலையங்களின் வாங்கில் காத்துக் கிடந்தார்கள். அங்கே கதைத்ததைக் கடைக்காரரும் கேட்டார், பக்கத்தில் நின்றவரும் கேட்டார். இன்றைக்கு யார் கேட்கிறார்கள் என்று தென்மராட்சிப் பக்கம் அடிக்கடி எழுகிற சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

“வட்ஸ்அப்பிலை நாங்கள் கதைக்கிறதை பேஸ்புக்காரர் வாசிக்கிறாங்களாமே, உண்மையோ?”

வாசிக்க முடியாது. 2016 ஏப்ரல் முதல் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறபடுகிறது. குறூப்பிலும் அப்படித்தான், அழைப்புகளும் அப்படித்தான். திறப்பு அந்தப் போன்களில் மட்டும் இருப்பதால், இடையில் செய்தியைக் கடத்தும் நிறுவனத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. குறூப்பில் இருக்கும் ஒருவர் ஒரு செய்தியைப் பற்றி நிறுவனத்துக்கு முறையிட்டால், கடைசி ஐந்து செய்திகள் அவருடைய போனிலிருந்து அங்கே போகும்.

ஆனால் கடிதத்தை ஒட்டிவிட்டாலும் உறையில் இருக்கும் விலாசம் தபால்காரருக்குத் தெரியும்தானே. நீங்கள் யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கதைத்தீர்கள், எந்தக் குறூப்பில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்த நிறுவனத்துக்குத் தெரியும். வட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் வாங்கியது. 2021 ஜனவரியில் தனியுரிமை விதிகளை மாற்றப்போவதாக அறிவித்தபோது உலகெங்கும் ஏராளமானோர் சிக்னலுக்கும் ரெலிகிராமுக்கும் மாறியது இந்த விபரங்களைப் பற்றிய பயத்தில்தான்.

“அப்ப பழைய செய்தியெல்லாம் பத்திரமோ?”

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் ஓட்டை இருக்கிறது. இரவில் உங்கள் போன் கூகுளில் அல்லது அப்பிளில் சேமித்து வைக்கும் பிரதி, அதாவது ‘பக்அப்’, தானாகப் பூட்டப்படுவதில்லை. 2021 ஒக்டோபரில் அதற்கும் பூட்டு வந்தது. ஆனால் அதை நீங்களே போட வேண்டும். செற்றிங்ஸில் ‘சற்ஸ்’, அதற்குள் ‘சற் பக்அப்’ என்ற இடத்தில் அது இருக்கிறது. அங்கே கொடுக்கும் கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. கொப்பியில் எழுதி, காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று: குறூப்பில் இருபது பேர் இருந்து, பத்தொன்பது பேர் பூட்டியும் ஒருவர் பூட்டாவிட்டால், எல்லோருடைய கதையும் அந்த ஒருவரின் பிரதியில் திறந்து கிடக்கும். அந்த ஒருவர் அநேகமாக அம்மம்மாதான். அவருக்குப் போன் வாங்கிக் கொடுத்த பிள்ளை அனுப்பப் பழக்கியிருப்பார், பூட்டப் பழக்கியிருக்க மாட்டார்.

“ரெலிகிராம்தான் ஆகப் பாதுகாப்பு எண்டு பெடியன் சொல்லுறான்.”

பெடியன் பிழையாக விளங்கியிருக்கிறார். ரெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் நிறுவனத்தின் கணினிகளில் நிறுவனமே திறக்கக்கூடிய விதத்தில் கிடக்கின்றன. இருவர் மட்டும் கதைக்கும் ‘இரகசிய உரையாடல்’ என்ற வசதியில்தான் முழுப் பூட்டு உண்டு. குறூப் செய்திகளுக்கு அது இல்லவே இல்லை. அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஓகஸ்டில் பிரான்ஸில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்கப்பட்டால் குற்றச் சந்தேகநபர்களின் தொலைபேசி இலக்கத்தை அதிகாரிகளுக்குக் கொடுப்போம் என்று ரெலிகிராம் விதியை மாற்றியது. படம் இறக்க, செய்தி வாசிக்க அதைப் பாவியுங்கள். குடும்பக் கதைக்கு வேண்டாம்.

“அப்ப எதைத்தான் பாவிக்கிறது?”

தனியுரிமை ஒன்றையே பார்த்தால் சிக்னல். இலாபநோக்கற்ற அமைப்பொன்று நன்கொடையில் நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. வட்ஸ்அப் பாவிக்கும் பூட்டும் சிக்னல்காரர் உருவாக்கியதுதான். 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஒரு பாவனையாளரின் விபரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே சிக்னலிடம் கொடுக்க இருந்தன. யாரோடு என்ன கதைத்தீர்கள் என்பதை அது சேமிப்பதில்லை.

ஆனால் சித்தி பாரிஸில், பெரியப்பா மட்டுவிலில், மச்சாள் சுவிஸில் என்றிருக்கும் குடும்பத்தை ஒரே நாளில் புதிய இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. பாதிப்பேர் போவார்கள், அம்மம்மா பழைய குறூப்பிலேயே தனியாகக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருப்பார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பூ, பிறந்தநாள், கோயில் திருவிழாவுக்கு வட்ஸ்அப்பை வைத்திருங்கள், பக்அப்பைப் பூட்டிக்கொண்டு. காசு, காணி, விசா, வைத்திய அறிக்கை போன்றவற்றைக் கதைக்கும் நாலைந்து பேர் சிக்னலில் ஒரு சிறு குறூப் தொடங்குங்கள்.

வைபரிலும் 2016 முதல் பூட்டு உண்டு, அதைப் பாவிப்பவர்கள் பதற வேண்டாம். இமோ மத்திய கிழக்கில் இருக்கும் மகனின் முகம் பார்க்கப் போதும். ஆவணங்களை அதில் அனுப்ப வேண்டாம்.

“காணி உறுதியையும் அடையாள அட்டையையும் படம் எடுத்து அனுப்பலாமோ?”

கனடாவிலிருந்து அற்றோணித் தத்துவம் எழுதுகிறவர்களுக்கு அனுப்பாமல் சரிவராது என்பது தெரியும். அனுப்புங்கள், குறூப்பில் போடாதீர்கள். உரியவருக்குத் தனியாக, ஒரு தடவை மட்டும் திறக்கும் படமாகவோ தானாக மறையும் செய்தியாகவோ அனுப்புங்கள். வந்த படம் போனின் படத் தொகுப்பில் தானாகச் சேர்வதையும் நிறுத்திவிடுங்கள். அப்படிச் சேர்ந்தால், போனைத் திருத்தக் கொடுக்கும்போது கடை மேசைக்கு வருகிறவரெல்லாம் உறுதியைப் பார்க்க அதுவே வழி. திருத்தி வாங்கியதும் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பட்டியலைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

“திடீரெண்டு எல்லாத்தையும் நிப்பாட்டினால்?”

இலங்கை அரசு சமூக ஊடகங்களை நிறுத்தியிருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டங்களின்போது. 2018லும் 2019லும் வட்ஸ்அப்போடு வைபரும் முடங்கியது. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து கிடைக்காத ஒவ்வொரு பதிலுக்கும் இங்கே ஒரு தாய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டிருந்தார். ஆகவே பிள்ளைகளின் சாதாரணத் தொலைபேசி இலக்கங்களை நாட்டுக் குறியீட்டோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குறுஞ்செய்திக்குப் பூட்டு இல்லைதான், “சுகமாக இருக்கிறம்” என்று சொல்ல அது போதும்.

“கோட் ஒண்டு வந்தது, அனுப்பி விடச் சொல்லி மகள் கேட்டாள்...”

கேட்டது மகள் அல்ல. இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் சத்தமாக வாசியுங்கள்.

கச்சாய் வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு மகளின் இலக்கத்திலிருந்து செய்தி வந்தது: தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கிறது, அனுப்பிவிடுங்கள் என்று. மகளின் கணக்கை ஏற்கெனவே கள்ளன் பிடித்திருந்தான். அம்மா கண்ணாடியைப் போட்டு ஒவ்வோர் இலக்கமாகத் தட்டி அனுப்பினார். அந்த இலக்கம்தான் அவருடைய வட்ஸ்அப்பின் திறப்பு. சற்று நேரத்தில் அவரது பெயரில் கனடாவிலிருக்கும் தங்கையிடம் அவசரக் காசு கேட்டுச் செய்தி போனது. “தங்கச்சி” என்று தொடங்கியிருந்தது. வீட்டில் அவரை யாரும் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை, “குஞ்சு” என்றுதான். தங்கை உடனே சாதாரண அழைப்பில் அக்காவைக் கூப்பிட்டார். காசு தப்பியது.

எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது. ஏனென்றால் திறப்பை நாமே கொடுக்கிறோம். ஆறு இலக்கத்தை எவருக்கும், பெற்ற பிள்ளைக்கும் சொல்லக்கூடாது. வட்ஸ்அப் செற்றிங்ஸில் ‘எக்கவுண்ட்’ பகுதிக்குள் இருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் இலக்கம் வையுங்கள். சிக்னலிலும் அதேபோல் பதிவுப் பூட்டு உண்டு. காசு கேட்டால் குரல் கேட்ட பிறகே கொடுப்பது என்று குடும்பமாக முடிவெடுங்கள்.

கணக்கு பறிபோனால் அதே இலக்கத்தில் வட்ஸ்அப்பை மீண்டும் பதிந்து, குறுஞ்செய்தியில் வரும் புதிய ஆறு இலக்கத்தைக் கொடுங்கள். கள்ளன் அந்த நொடியே வெளியேறுவான். அவன் தன் பின்னைப் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. உறவினருக்கு உடனே அறிவியுங்கள். காசு போயிருந்தால் வங்கிக்கும் பொலிஸுக்கும் முறையிடுங்கள். இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் இலக்கம் 101. அதையும் அந்தச் சுவர்த் தாளில் எழுதி வையுங்கள்.