உப்புக்காற்றில் அம்பாசிடரின் விளக்கு ஏன் மங்குகிறது?

பழவேற்காட்டில் ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக்கடல். இந்தக் காற்றில் நிற்கும் பழைய அம்பாசிடரின் முகப்பு விளக்கு மங்கினால் பலரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் வயரில் இருக்கிறது. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இரண்டு எரிய 10 ஆம்பியர் வேண்டும். அவ்வளவும் டேஷ்போர்டு சுவிட்ச் வரை போய், மெல்லிய வயரில் விளக்குக்கு வந்து, பாடியின் எர்த் வழியே பேட்டரிக்குத் திரும்புகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. 0.15 ஓம் தடை சேர்ந்தாலே ஏறக்குறைய 1.5 வோல்ட் வழியிலேயே சூடாகி வீணாகும். பல்புக்கு 10.5 வோல்ட்தான் கிடைத்தால், வோல்டேஜில் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இழையின் சூடு சற்றே தணிந்தாலும் ஒளி சட்டென்று சரியும்.

100 வாட் பல்பு போட்டால் தீராதா? தீராது, மின்னோட்டம் கூடும், அதே வயரில் இழப்பும் கூடும், சுவிட்சும் கருகலாம். எல்இடி குறைந்த மின்சாரம் கேட்கும் என்பது உண்மை. ஆனால் அந்த விளக்கின் கிண்ணம் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. ஒளி பிறக்கும் இடம் நகர்ந்தால் கதிர் சிதறி, விடியலில் எதிரே மீன்கூடையோடு டூவீலரில் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். சரியான வழி ரிலே: பியூஸ் வைத்த தடித்த வயர் பேட்டரியிலிருந்து நேரே விளக்குக்குப் போகும், சுவிட்ச் ரிலேயை மட்டும் தூண்டும். இந்தக் கரையில் வெள்ளீயம் பூசிய செம்பு வயரே போடவேண்டும், எர்த் முனையைப் பளிச்சென்று சுரண்டி முறுக்கியபின் மேலே கிரீஸும் தடவவேண்டும்.