மானுக்குப் பரிமாறும் குரங்கு

மானுக்கு யாராவது பந்தி பரிமாறுவார்களா, நேயர்களே? கொல்கத்தாவுக்குத் தெற்கே, சுந்தரவனக் காட்டில் குரங்குகள் பரிமாறுகின்றன!

அங்கே சேற்றுக் கரையோரம் கேவ்ரா என்றொரு அலையாத்தி மரம் உண்டு. அதன் இலையும் புளிப்புக் காயும் என்றால் புள்ளிமானுக்கு உயிர். ஆனால் உயரக் கிளை எட்டாதே! உச்சியில் குரங்குக் கூட்டம் மேயும்போது, தின்றது பாதி, சிந்தியது பாதி. கிளை முறிகிற சத்தம் கேட்டாலே போதும், மான்கள் மரத்தடிக்கு வந்துவிடும்.

இதைக் கவனித்த வேட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே மரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். குரங்கு மாதிரியே குரல் கொடுத்து, இலைக்கொத்துகளை ஒடித்துக் கீழே போட்டார்கள். குரங்கை நம்பி வந்த மான், மனிதனிடம் மாட்டிக்கொண்டது. கேட்கவே மனசு ஆறவில்லை, இல்லையா?

1972-ஆம் ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மானை வேட்டையாடுவது குற்றம். ஆனாலும் திருட்டுத்தனமாக நைலான் கண்ணி வைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தக் கண்ணிகளைத் தேடித் தேடி அறுப்பதற்காகவே, வனக்காவலர்கள் புலி உலவும் அந்தச் சேற்றில் இறங்கி நடக்கிறார்கள்.