செஞ்சிக் குன்றங்களின் கொழிஞ்சிச் செடி

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றங்களுக்கிடையே அமைந்த செஞ்சிக் கோட்டையைச் சுற்றிலும் சரளை கலந்த செம்மண் தரை பரந்து கிடக்கின்றது. கோடையில் புல் பூண்டுகளெல்லாம் கருகி, ஆடுமாடுகள் மேய்ந்தது போக மீதியொன்றுமில்லாத காலத்தும், பாதையோரங்களில் ஒரு சிறு செடி மட்டும் பசுமை மாறாது நிற்பதைக் காணலாம். அதுவே கொழிஞ்சி. கொள்ளுக்காய்வேளை என்பதும் அதன் பெயரே. கால்நடைகள் இதனை விரும்பி மேய்வதில்லை. அக்காரணத்தால் பயனற்ற களையென்று எண்ணப்படும் இச்செடி, ஏரிப்பாசன ஒருபோக நிலமுடையவர்களுக்குச் செலவில்லாத எருவாகும்.

கொழிஞ்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, பல்லாண்டு வாழ்வது. 1753-ல் லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரி இதனை வேறொரு பேரினத்தில் வைத்து வர்ணித்தார். 1807-ல் பெர்சூன் என்பவர் இதனைத் தெப்ரோசியா பேரினத்தில் சேர்த்தார். சாம்பல் நிறமுடையது என்பது அச்சொல்லின் பொருள்.

செடி ஓரடி முதல் மூன்றடி வரை வளர்ந்து, அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரியும். ஆணிவேர் கெட்டியானது, கீழ்மண் வரை ஆழ்ந்து செல்வது. பக்கவேர்களில் சிறு முண்டுகள் உண்டு. ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துச் செடிக்குதவும் நுண்ணுயிர்கள் அவற்றில் வாழ்கின்றன. முண்டைக் கிள்ளிப் பார்க்கையில் உட்புறம் இளஞ்சிவப்பாயிருப்பின் அது நன்கு வேலை செய்கிறதென்று அறியலாம்.

ஒவ்வோர் இலையிலும் சிற்றிலைகள் இருபுறமும் ஜோடி ஜோடியாயும், நுனியில் ஒன்று தனித்தும் அமைந்திருக்கும். ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்திழுத்தால் அது நேராகக் கிழியாமல் அம்புமுனைபோல் அறும். இஃது எளிய அடையாளம். ஊதா நிறப் பூங்கொத்துகள் இலைக்கு எதிர்ப்புறத்தில் தோன்றும். காய் தட்டையாய், சற்றே மேல்நோக்கி வளைந்து, ஓரிரண்டு அங்குல நீளமிருக்கும். முற்றியதும் வெடித்து விதையைச் சிதறும்.

முற்காலத்தில் சாயத்திற்காகப் பயிரிடப்பட்ட அவுரியைச் சிலர் கொழிஞ்சியென்று மயங்குவதுண்டு. அவுரியின் பூங்கொத்து இலைக்கக்கத்தில் தோன்றும். அதன் காய் உருண்டு மெலிந்திருக்கும். விதை சேகரிப்போர் இவ்வேற்றுமையைக் கவனித்தல் அவசியம்.

கொழிஞ்சி விதையின் தோல் மெழுகு படிந்து நீர் புகாதபடி கடினமானது. அப்படியே விதைப்பவர்கள் முளை காணாமல் மனம் சலித்து விட்டுவிடுகிறார்கள். விதையை மணலுடன் கலந்து தேய்த்தாயினும், கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் வைத்தெடுத்தாயினும் விதைத்தால் நன்கு முளைக்கும். அறுவடைக்குப் பின், மார்ச்சு ஏப்ரல் மாதங்களில் கிடைக்கும் கோடைமழை ஈரத்தில் உழுது, ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ வரை விதைக்கலாம். இலேசான மண்ணுக்கு இது மிகவும் ஏற்றது; நீர் தேங்கும் இடத்திற்கு ஆகாது.

முதலாண்டில் வளர்ச்சி மந்தமாகவே இருக்கும். அது கண்டு அதைரியப்படலாகாது. ஓரிரு பருவங்களில் செடி நிலத்தில் ஊன்றிக்கொண்டபின், சிந்திய விதையே ஆண்டுதோறும் தானாக முளைத்துவிடும். ஏக்கருக்குச் சுமார் இரண்டரை டன் பசுந்தழை கிடைக்கக்கூடும். தண்டு மரம்போல் முற்றுமுன், பூக்குந் தருணத்தில், சேற்றில் மடக்கி உழுது, அழுகுவதற்கு அவகாசம் விட்டு நடவு செய்தல் வேண்டும்.

கால்நடைகள் கோடையில் கட்டின்றித் திரியும் கிராமங்களில் சணப்பு, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாட் பயிர்களைக் காப்பது கடினம். வேலியில்லாத நிலத்திலும் கொழிஞ்சி தப்பிப் பிழைக்கும். மலைக்காட்டுத் தழையை வெட்டி வரும் வழக்கமும் இதனாற் குறையும்.

கிராம அலுவலர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்துக்கென்று வேரோடு பிடுங்குவதால் இச்செடி சில தரைகளில் அருகிவிடக்கூடும். காய் முற்றி வெடிக்குமுன் விதையை மட்டும் சேகரித்துச் செடியை விட்டுவைக்கும்படி குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்ட கோட்டையின் எல்லைக்குள் எதையும் தோண்டலாகாது. அவரவர் வரப்பிலேயே போதிய விதை கிடைக்கும். இவ்வாண்டு ஒரு படி விதை சேர்த்து ஒரு வயலில் தூவிப் பார்ப்பவர், இரண்டொரு வருஷத்தில் அதன் பலனைத் தம் நெற்பயிரிலேயே காண்பார்.