ஆங்கிலத்தில் டென்ஸ் பன்னிரண்டா, இரண்டா?

அக்கா மகளின் விடைத்தாளில் 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்ற வாக்கியத்தை அடித்து, 'வில் லீவ்' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். ஒரு மார்க் போச்சு. "டுமாரோன்னா ஃப்யூச்சர் டென்ஸ்தானே மாமா?" என்றாள். அவள் எழுதியது சரியான வாக்கியம். கோளாறு டென்ஸை எண்ணுகிற முறையில் இருக்கிறது.

பள்ளியில் 12 டென்ஸ். கணக்கு எளிது: இறந்த, நிகழ், எதிர் என்று காலம் மூன்று, ஒவ்வொன்றிலும் சிம்பிள், கன்டின்யுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டின்யுவஸ் என நான்கு வகை.

மொழியியலாளர்கள் பார்ப்பது வினைச்சொல்லின் வடிவத்தை. 'கோ', 'வென்ட்' என்று சொல்லே மாறிக் காலம் காட்டுவது நிகழ்விலும் இறப்பிலும் மட்டும்தான். தமிழில் செய்தேன், செய்கிறேன், செய்வேன் என்று மூன்றுக்கும் இடைநிலை உண்டு. ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. 'வில்' தனிச்சொல், 'கேன்', 'மே', 'மஸ்ட்' வரிசையில் வரும் துணைவினை. வாசலில் மணி அடித்ததும் 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்றால் அது நாளைய சேதி இல்லை. 'தபால்காரராத்தான் இருக்கும்' என்ற இப்போதைய ஊகம்.

சரி, கன்டின்யுவஸ்? அது செயல் நடந்துகொண்டிருக்கும் நிலையைச் சொல்வது. அதை ஆஸ்பெக்ட் என்று தனியாக வைப்பார்கள். பெர்ஃபெக்டையும் பலர் அதோடு சேர்ப்பார்கள்.

இதெல்லாம் புதுசு இல்லை. 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இரண்டு காலம்தான். 1985இல் குவர்க் முதலான நால்வர் எழுதிய பேரிலக்கணமும் அப்படியே. 2002இல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணம் பெர்ஃபெக்டை இரண்டாம் நிலை டென்ஸ் என்கிறது. ஆனால் எதிர்கால டென்ஸ் என்று ஒன்றை அதுவும் ஏற்கவில்லை.

ஆக, காலம் வேறு, டென்ஸ் வேறு. அட்டவணைப்படி ஓடும் ரயிலுக்கு நிகழ்கால வடிவமே போதும். 'இஃப் ஐ வென்ட் டுமாரோ' என்பதில் வடிவம் இறந்தகாலம், பேச்சு நாளையைப் பற்றி. 'டுமாரோ வந்தாலே வில் போடு' என்று பழகினால், சரியாக எழுதத் தெரிந்த பிள்ளையும் தன் காதை நம்பாமல் போய்விடும்.

பன்னிரண்டு கட்ட அட்டவணையைத் தூக்கிப்போட வேண்டாம். வடிவங்களை நினைவில் வைக்க அது வசதி. அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

"அப்போ பரீட்சையில எத்தனைன்னு எழுதறது?"

"பன்னெண்டுன்னே எழுது. ரயில் வாக்கியத்தை மட்டும் மாத்தாதே."