ஆறு குடைந்த கல்தாழிகள்

புனே நகரின் மகர்பட்டா போன்ற கிழக்குப் பகுதிகளில் வாழ்வோர், பிள்ளைகளுடன் ஒரே நாளில் கண்டு திரும்பத்தக்க இயற்கைப் பாடம் ஒன்றுண்டு. அகில்யாநகர் மாவட்டத்து நிகோஜ் என்னும் ஊரருகே குக்கடி ஆற்றுப் படுகையிலுள்ள பாறைக்குழிகளே அவை. வீட்டிலேயே கல்வி புகட்டும் பெற்றோருக்கும் பள்ளியாசிரியருக்கும் அவை ஒருங்கே பயன்படும். மராத்தியர் இவற்றை ‘ராஞ்சண்’ குழிகள் என்பர். ராஞ்சண் என்பது நீர் சேர்த்துவைக்கும் பெரிய மட்தாழி.

இங்குள்ள பசால்ட் பாறை, ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் பெருகிய எரிமலைக் குழம்பு இறுகியதாகும். இத்துணைக் கடிய பாறையை நீர் மட்டும் குடையவில்லை. வெள்ளக் காலத்தில் சிறு பள்ளங்களில் நீர் சுழலும்போது, அதில் அகப்பட்ட மணலும் கூழாங்கற்களும், ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல் சுழன்று பாறையை அரைக்கின்றன. அடுத்தடுத்த குழிகளின் இடைச்சுவர் தேய்ந்தழிய, அவை இணைந்து ஆழ்ந்த கால்வாயாகின்றன.

ஆசிரியர் இவ்விடையை முன்னரே உரைத்தலாகாது. சுவரின் வழவழப்பையும் அடியிற் கிடக்கும் உருண்டைக் கற்களையும் பிள்ளைகளே கண்டு காரணம் கூறட்டும். அக்கற்கள் ஆற்றின் கருவிகள். அவற்றை எடுத்துச் சென்றால் அடுத்து வருவோர்க்குச் சான்று இராது. படம் வரைந்துகொள்வதே போதும்.

மழைக்காலத்தில் அங்குச் செல்லலாகாது. பிற காலங்களிலும், மேலுள்ள அணைகளிலிருந்து நீர் திறக்கப்படுமா என முன்னரே கேட்டறிக. குழிகளிற் தேங்கிய நீர் ஆழமானது. வழுக்கும் சுவரைப் பற்றி ஏறுதல் அரிது. ஆதலின் பிள்ளைகளை விளிம்பினின்று விலக்கியே நிறுத்துக.