சேர்வராயன் மலையும் சர்வகலாசாலையும்

சேர்வராயன் மலைப் பிரதேசத்தில் கல்விச் சாலைகளுக்குக் குறைவில்லை. ஏற்காட்டில் மாண்ட்போர்ட் பள்ளி 1917-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. தூரப் பிரதேசங்களிலிருந்து பிள்ளைகள் வந்து அங்கே படித்துச் செல்கின்றனர். மலையடிவாரத்தில், சேலத்தை அடுத்த கருப்பூரில், 1997 முதல் பெரியார் சர்வகலாசாலை நடந்து வருகிறது. இவ்வளவு இருந்தும், இம்மலையின் குடிகளாகிய மலையாளிகளில் பட்டப்படிப்பைக் கடந்து ஆராய்ச்சி வரை செல்வோர் மிகச் சிலரே.

மலையாளிகள் என்ற பெயரைக் கண்டு எவரும் மயங்க வேண்டாம். அவர்கள் கேரளத்தார் அல்லர், தாய்மொழி தமிழே. முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடை வழங்கும் ஐதிகம். தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் அவர்களே தொகையால் பெரியவர். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரில் 54 பேரே.

சட்டம் வாளாவிருந்தது என்று கூறுவதற்கில்லை. 1994-ஆம் வருஷத்து ஒதுக்கீட்டுச் சட்டம் பழங்குடியினருக்கு நூற்றுக்கு 1 இடம் வைத்திருக்கிறது. ஆராய்ச்சி செய்யும் பழங்குடி மாணாக்கருக்கென மத்திய ஸர்க்கார் தேசம் முழுவதற்கும் வருஷம் 750 உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்தியுள்ளது. ஆனால் இடம் கிடைப்பது வேறு. இடத்தில் நிலைப்பது வேறு. ஜாதிச் சான்றிதழுக்குக் கச்சேரி கச்சேரியாக அலையும்போதே ஒருவன் சோர்ந்துவிடலாம். உபகாரச் சம்பளம் சில மாதம் தாமதித்தால், ஏழை மாணாக்கன் காப்பித் தோட்டத்துக் கூலிக்குத் திரும்புவதன்றி வேறென் செய்வான்? இங்கிலீஷில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கற்பிப்பாரின்றி, அறிவிருந்தும் பின்தங்குவோர் எத்தனை பேர்!

இது தயாதர்மத்தின் பாற்பட்ட விஷயமன்று. மலையாளிகளின் மூலிகை ஞானத்தைப் பற்றி வெளியார் பல கட்டுரைகள் எழுதியுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் அம்மக்கள் தகவல் சொல்வோராக மாத்திரமே தோன்றுகின்றனர். பச்சிலையின் பெயரையும் பருவத்தையும் பாட்டியிடம் கற்ற பிள்ளையே சாஸ்திர முறையையும் பயின்று ஆராய்ச்சி செய்யுமானால், லாபம் அப்பிள்ளைக்கு மாத்திரமா? சாஸ்திரத்திற்கும் அன்றோ!

ஆகவே, சர்வகலாசாலைகள் விண்ணப்பத்தை எதிர்பார்த்து வாளாவிருத்தல் தகாது. ஆசிரியர்கள் மலைப் பள்ளிகளுக்கு நேரிற்சென்று மாணாக்கரை அழைக்க வேண்டும். விடுதி, மாதந்தவறாத உபகாரச் சம்பளம், முதல் வருஷத்தில் பாஷைப் பயிற்சி ஆகிய மூன்றையும் உறுதி செய்ய வேண்டும். சேர்ந்தவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர், பட்டம் பெற்றவர் எத்தனை பேர் என்ற கணக்கை வருஷந்தோறும் வெளியிட வேண்டும். சேர்ந்தவர் தொகையை மட்டும் காட்டிப் பெருமை கொள்வது பொதுஜனங்களுக்குச் சரியான கணக்கு ஆகாது.